மீன் கழிவு போட்ட பசளைத் தொட்டி நாறுதென்றால்

தொட்டியைக் கொட்டத் தேவையில்லை. காய்ந்த சருகும் மரத்தூளும் நிறையப் போட்டு அடிவரை கிளறிவிடுங்கள், சில நாளில் நாற்றம் அடங்கும்.

மீன் குடலும் செதிலும் போட்ட பிறகுதான் நாற்றமும் புழுவும் வந்தது என்கிறீர்கள். ஈரக் கழிவு மட்டும் சேர்ந்து காற்றுப் போக வழியில்லாமல் போயிருக்கும், அப்படி அழுகும்போது மீனில் நைதரசன் அதிகம் என்பதால் அமோனியா நெடியும் கிளம்பும்.

நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். ஓரிரு துளி வந்தால் சரி, ஒழுகினால் ஈரம் கூட. அடித்துளைகள் அடைபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம், ஒரு வாளி சமையல் கழிவுக்கு இரண்டு மூன்று வாளி சருகு என்று போட்டு வாருங்கள்.

புழுவுக்கு மருந்தடிக்க வேண்டாம், தயவுசெய்து. அவை கழிவைத் தின்று தீர்ப்பவை, ஈரம் குறையக் குறைய அவையும் குறையும்.

மீனை மட்டும் இனித் தொட்டியில் போடாதீர்கள். தென்னையடியில் நாய் கிளறாத ஆழத்தில் புதைக்கலாம், ஆனால் நீங்கள் இருக்கும் திருகோணமலை உப்புவெளிப் பக்கம் மணல் தரை, அழுகல் நீர் சுலபமாக ஊறிப் போகும், அதனால் கிணற்றுக்குக் கிட்ட வேண்டவே வேண்டாம். மாரி தொடங்கமுன் தொட்டிக்கு மூடியும் போட்டுவிடுங்கள்.