கணவருக்குக் கணக்குக் காட்டாமல் செலவுக் காசில் மிச்சம் பிடிப்பது பிழையா? அவசரத்துக்கு வீட்டில் எவ்வளவு காசு இருக்க வேண்டும்?

மிச்சம் பிடிக்கிறதில் ஒரு பிழையும் இல்லை, தங்கச்சி. கலியாணம் முடிச்சு இன்னும் ஒரு வருசம் ஆகவில்லை, அவர் தாற செலவுக் காசில் மாதாமாதம் கொஞ்சம் எடுத்து வைக்கிறதை மாமி கண்டுவிட்டு "களவு" என்று சொல்லிப்போட்டா என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லை வாசித்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. என்னையும் பார்த்து அதே சொல்லைச் சொல்லியிருக்கினம்.

உங்கட அவருக்கு அரசாங்க உத்தியோகம், சம்பளம் நேரே வங்கிக்கு வருகுது, கார்டும் போனில் இருக்கிற ஆப்பும் அவரிட்டத்தான் என்று நினைக்கிறேன். யாழ்ப்பாணத்தில் இப்ப இளம் குடும்பங்கள் கனக்க அப்படித்தான். அப்படியென்றால் வீட்டில் எவ்வளவு இருக்கிறது என்கிறதோடு, அவசரம் வந்தால் அதில் உங்கட கை படுமா என்கிறதையும் சேர்த்துத்தான் பார்க்க வேணும். நான் கணக்காளர் இல்லை, முன்பள்ளி ரீச்சர். ஆனால் இந்த விசயத்தை அனுபவிச்சுப் படிச்சிருக்கிறேன்.

2006இல் நாங்கள் உரும்பிராயில் இருந்தோம். என்ர மனுசன், இவர், லொறி ஓடினவர். 2002இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கிற ஏ9 பாதை திறந்த பிறகு கொழும்பில் இருந்து சாமான் ஏத்தி வாறதுதான் தொழில், உழைப்பும் பரவாயில்லை. உழைக்கிறதெல்லாம் அவற்ர பேரில் இருந்த கணக்குக்குப் போகும். புத்தகம் சாமித்தட்டுக்குக் கீழே இருக்கும், அதைப் பார்க்க எனக்கும் ஒரு தெம்பு. அந்த வருசம் ஓகஸ்ட் 11ஆம் திகதி அந்தப் பாதையில் இருக்கிற முகமாலையில் சண்டை தொடங்கி ஏ9 பூட்டுப்பட்டபோது இவர் வவுனியாவில் நின்றார். இங்கே ஊரடங்கு. போனும் இல்லை. முதலில் படலையைத் தாண்டவே விடவில்லை. பிறகு பகலில் கொஞ்ச நேரம் தளர்த்துவார்கள். அதற்குள்ளே கடை, கூட்டுறவுச் சங்கக் கடை, ஆஸ்பத்திரி, வங்கி எல்லாத்தையும் ஓடி ஓடி முடிக்க வேணும்.

வங்கி திறந்தவுடனே புத்தகத்தைக் கொண்டு போனேன். வரிசை றோட்டுக்கு வந்திருந்தது. கவுண்டரில் இருந்தவர் பேரைப் பார்த்துவிட்டு, "கணக்குக்காரர் வரவேணும், அவற்ர கையெழுத்து வேணும்" என்றார். அவர் பாதைக்கு அங்கால நிக்கிறார், வர வழியில்லை என்று சொன்னேன். "அப்ப அவர் வந்தாப்பிறகு வாங்கோ." சட்டப்படி அவர் சொன்னது சரி. நிமிர்ந்து முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம் என்கிற மனவருத்தம் மட்டும் எனக்கு இன்னும் இருக்கு. புத்தகத்தில் காசு இருக்கு, வீட்டில் இரண்டு பிள்ளையள், மாமி, நான். அந்தக் காசில் ஒரு சதம் எங்களுக்கு உதவாது.

எங்களைக் காப்பாத்தினது குசினித் தட்டில், கோப்பித்தூள் போத்தலுக்குப் பின்னால் இருந்த ஒரு பால்மாப் பேணி. தையல் காசிலும் செலவுக் காசிலும் மிச்சம் பிடிச்சதெல்லாம் அதற்குள்ளே 10, 20, 50, 100 ரூபாய்த் தாளாக இருந்தது. நூறுக்கு மேல் தாள் வைக்கிறதில்லை. அம்மா பழக்கின பழக்கம் அது. 1995 ஒக்டோபர் 30 இரவு சண்டையால் வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது அம்மாவின் இடுப்பில் ஒரு கொட்டப்பெட்டி, ஓலையில் இழைச்ச சின்னக் காசுப் பை, இருந்தது, அதற்குள்ளே சில்லறையும் சின்னத் தாள்களும். நகையும் கொண்டுதான் வந்தவ. ஆனால் ஊரே றோட்டில் நிற்கும்போது பவுணை ஆரிட்டைக் குடுத்துப் பால்மா வாங்கிறது? எல்லாரும் விக்க வந்தால் நகைக்கு ஆர் விலை சொல்லுறது? கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட வாங்கில் இருந்து கொண்டு அம்மா சொன்னா: "நகை கிடக்கட்டும் பிள்ளை. இண்டைக்குச் சோத்துக்கு உந்தத் தாள்தான் உதவும்." 

சின்னத் தாளின் அருமை 2006இல் எல்லாருக்கும் விளங்கினது. ஆயிரம் ரூபாய்த் தாளோடு வந்தவை கடைக்காரரோடு இழுபட்டுக்கொண்டு நிற்பினம். மாத்தின காசு இல்லை, மிச்சத்துக்கு வேறு சாமான் எடுங்கோ என்பார்; எடுக்கச் சாமானும் இராது. நான் இருபது ரூபாய்த் தாள்களை எண்ணி வைத்துவிட்டு வாங்கிக்கொண்டு போவேன். சங்கக் கடை நிவாரணம், கடையில் தேங்காய், சீனி, மண்ணெண்ணெய் எது கிடைச்சாலும் உடனே கையில் காசு வேணும். நாளைக்குத் தாறன் என்றால் அந்தச் சாமான் பின்னால் நிற்கிற ஆளுக்குப் போயிடும்.

சின்னவனுக்கு அப்ப தொய்வு. ஒரு விடியப்புறம் இழுப்புத் தொடங்கி, ஊரடங்கு தளர்த்துமட்டும் அவனை நெஞ்சோடு அணைச்சுக்கொண்டு இருந்து, தளர்த்தின உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். பக்கத்து வீட்டு ஓட்டோக்காரத் தம்பி போத்தலில் வித்த பெற்றோலைக் காசு குடுத்து வாங்கித்தான் ஓடினவர். அவரிட்டக் கடன் சொல்லக்கூடாது, அவருக்கும் பிள்ளையள் இருக்கு. ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். ஆனால் அங்கே இல்லாத மருந்தை வெளியில் வாங்கி வரச் சொன்னால் பாமசியில் காசு வேணும். எல்லாம் அந்தப் பேணியில் இருந்து போனது. மாமியின்ர பிறசர் மருந்தும் அதில் இருந்துதான்.

இவர் கடைசியில் திருகோணமலையில் இருந்து கப்பலில் வந்து சேர்ந்தார். அப்பவும் பேணியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. எடுத்துக் காட்டினேன். இதை எழுதும்போதும் எனக்கு அதில் பெருமைதான்.

பிறகு ஒரு சாமத்தியவீட்டில், பத்துப் பேருக்கு முன்னால் என்ர மச்சாள் சொன்னா, "இவ அண்ணேன்ர உழைப்பில களவாச் சேர்த்தவ" என்று. நான் அந்த இடத்திலேயே மறுமொழி சொன்னேன்: "ஓம் மச்சாள், அதிலதான் உங்கட அம்மாவுக்கு மருந்தும் வாங்கினது." சபையில் சொல்லியிருக்கக் கூடாது என்று இவர் பிறகு சொன்னார். சபையில் கேட்டால் சபையில்தான் பதில்.

புருசன் பெண்சாதிக்குள் ஒளிப்பு மறைப்பு கூடாது என்று இதற்குக் கீழே எழுத வருகிறவைக்கும் ஒன்று சொல்ல வேணும். குசினியில் ஒரு பேணி இருக்கிறது என்று இவருக்கு எப்பவும் தெரியும். எவ்வளவு என்று அவர் கேட்டதில்லை, நான் சொன்னதுமில்லை. தங்கச்சி, நீங்களும் அவரிட்ட இப்படி ஒரு காசு வைக்கிறேன் என்று சொல்லிவிடுங்கோ. ஏனென்றால் உங்களுக்கே ஒன்று நடந்து ஆஸ்பத்திரியில் கிடந்தால், அந்தக் காசு எங்கே இருக்கிறது என்று ஒரு ஆளுக்காவது தெரிய வேணும். தொகையைச் சொல்லுறதும் விடுறதும் உங்கட விருப்பம். குடிக்கிற, அடிக்கிற மனுசன் என்றால் நான் வேறு கதை சொல்லுவேன்: இடத்தைக்கூடச் சொல்ல வேண்டாம், தாய் வீட்டில் குடுத்து வையுங்கோ. உங்கட எழுத்தில் அப்படி ஒன்றும் தெரியவில்லை.

எவ்வளவு என்கிறதுக்கு வருவோம். ஒரு மாதச் சாப்பாடு, மருந்து, பஸ் காசு, அதோடு ஒருக்கால் ஓட்டோவில் அவசரமாக ஆஸ்பத்திரி போய்வர வேண்டியது. அவ்வளவுதான் வீட்டில். அதற்கு மேல் வேண்டாம். கள்ளர் பயம் ஒன்று, எங்கட மண்ணில் கறையான் இன்னொன்று. அலுமாரிச் சீலைக்குள்ளே சுத்தி வைக்காமல், இறுக்க மூடுற பேணியில், நிலத்தில் முட்டாமல், இரண்டு இடத்தில் பிரிச்சு வையுங்கோ. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருக்கால் எடுத்துப் பாருங்கோ. 5000 ரூபாய்த் தாளை அதற்குள்ளே வைக்காதேங்கோ. அவசர நேரத்தில் அதை மாத்த ஆளில்லை.

பணவீக்கம் தெரியாத பட்டிக்காடு என்று சொல்லுறவையும் இருப்பினம். தெரியும். 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 வரைக்கும் போனது, அந்த வருசம் செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். வீடு கட்ட என்று காசை வீட்டிலேயே வைச்சிருந்த ஒரு சொந்தக்காரர் சீமெந்து விலையைப் பார்த்துத் தலையில் கை வைச்சதை நேரில் கண்டனான். ஆயிரம் ரூபாய்ச் சொச்சத்துக்கு வித்த பை மூவாயிரத்துக்குக் கிட்டப் போனது. அதனால்தான் ஒரு மாதத்துக்கு மேல் வீட்டில் வேண்டாம் என்கிறேன். ஆனால் அதே வருசம் மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. கரண்ட் இல்லாமல் கார்ட் மெசினும் இல்லை, ஏ.டி.எம்மும் இல்லை. அம்மாவின் கிளினிக் மருந்து ஆஸ்பத்திரியில் முடிந்து வெளியில் வாங்க வேண்டி வந்தது. பாமசிக்காரர் ரோச் லைட் வெளிச்சத்தில் காசை எண்ணித்தான் மருந்து தந்தவர். ஒரு மாதக் காசு வீட்டில் கிடந்து தேயிற நட்டத்தை நான் தெரிந்துகொண்டுதான் ஏற்கிறேன்.

இந்த ஒரு மாதக் காசு இல்லாததால்தான் எங்கட ஊர்ப் பெண்கள் எத்தினை பேர் நுண்கடனுக்குப் போய், கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கிற ஆளுக்குப் பயந்து பின்பக்கத்தால் போகினம். நான் படிப்பிக்கிற பிள்ளையளின் தாய்மார் சிலர் அதில் இருக்கினம். எடுத்தது பெரும்பாலும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் செத்தவீட்டுச் செலவுக்கும். அவையைப் பேராசைக்காரர் என்று சொல்லுறவையோடு எனக்குக் கதையே இல்லை.

அதோடு, நீங்கள் கேட்காத ஒரு விசயம்தான், ஆனாலும் சொல்லாமல் விட ஏலாது. யாழ்ப்பாணத்துக்காரர் என்றால் வெளிநாட்டுக் காசு வருகுது, இவைக்கு என்ன சேமிப்பு என்று கதைக்கிற ஆக்கள் இருக்கினம். கொழும்பில் மட்டுமில்லை, இங்கேயும்தான். கோயில் உபயம், பழைய மாணவர் சங்கம், விளையாட்டுக் கழகம், ஆர் வந்தாலும் ஒரு கொப்பியோடு வந்து, "கனடாவில அண்ணை இருக்கிறார்தானே" என்று முதலிலேயே தொகையை எழுதிப்போடுவினம். அண்ணை அங்கே இரண்டு வேலை செய்து வீட்டுக் கடன் கட்டுறார். அவரிட்ட நான் கேட்டது ஒரே ஒரு தரம், அப்பாவின் செத்தவீட்டுக்கு. ஐந்தும் பத்துமாகச் சேர்த்துப் பிள்ளையைப் படிப்பிக்கிற வீடுகள்தான் இங்கே கனக்க. டிரோன் கமரா பறக்கிற சாமத்தியவீட்டு வீடியோக்களை வைச்சு எங்களை எடை போடாதேங்கோ.

சரி, மிச்சக் காசு. மூன்று மாதச் செலவுக்குக் காணுமான அளவு, நினைச்ச உடனே எடுக்கக்கூடிய சாதாரண சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். அதற்கு மேல் சேர்ந்தால், குறிச்ச காலம் மட்டும் எடுக்காமல் விடுகிற நிலையான வைப்பு. மூன்று லட்சத்தை ஒன்றாகப் போடாமல், ஒரு லட்சம் ஒரு லட்சமாக மூன்று வேறு திகதியில் போட்டால், அவசரத்துக்கு ஒன்றை உடைச்சால் போதும், மற்ற இரண்டின் வட்டியும் தப்பும். உடைக்காமலே வைப்பின் மேல் கடனும் தருவினம், கேட்டுப் பாருங்கோ. வங்கியோ நிதிக் கம்பனியோ, மத்திய வங்கியின் அனுமதி உள்ளதா என்று பார்த்துப் போடுங்கோ. அங்கே ஒரு ஆளுக்கு ஒரு நிறுவனத்தில் 11 லட்சம் ரூபாய் வரைக்கும், நிறுவனம் முறிஞ்சால் காசு திருப்பிக் கிடைக்கிற வைப்புக் காப்புறுதி உண்டு. வட்டி கூடத் தாறம் என்று ஒழுங்கைக்குள்ளே வந்து கேட்கிற ஆளுக்கு அது இல்லை. 2025 ஏப்ரலில் இருந்து வட்டியில் 10 சதவீதம் வரி கழிக்கினம். வருச வருமானம் 18 லட்சத்துக்குக் குறைவென்றால் வங்கியில் பிரகடனப் படிவம் ஒன்று குடுத்துக் கழிக்காமல் விடச் சொல்லலாம். இதைக் கவுண்டரில் தாங்களாகச் சொல்லமாட்டினம்.

சீட்டுக் கட்டுறது வேண்டாம் என்று சொல்லமாட்டேன், நானும் கட்டுறேன். ஆனால் அதை அவசரக் காசாக எண்ணக்கூடாது. உங்களுக்கு வருத்தம் வாற மாதம் சீட்டு உங்களுக்கு விழும் என்று ஒரு நியதியும் இல்லை. நகை இரண்டாவது துணை. வங்கியில் அடைவு வைக்கலாம், துண்டைப் பத்திரமாக வையுங்கோ. ஆனால் வங்கி பூட்டியிருக்கிற ஞாயிற்றுக்கிழமை இரவுக்கு நகை உதவாது.

கடைசியாக, மாமி சொன்னதை மனதில் வைச்சு இரவிரவாக அழாமல், வாற கிழமை அவரையும் கூட்டிக்கொண்டு வங்கிக்குப் போங்கோ. இரண்டு பேரின்ர அடையாள அட்டையும், வதிவிடத்துக்குக் கரண்ட் பில்லும் கொண்டு போங்கோ. கூட்டுக் கணக்கு என்றவுடன் படிவத்தை நீட்டி, கையெழுத்து வைக்கச் சொல்லுவினம். வைக்க முதல் ஒரு இடத்தை நீங்களே வாசியுங்கோ: காசு எடுக்க இருவரும் சேர்ந்து கையெழுத்து வைக்க வேணுமா, இருவரில் ஒருவர் வைச்சால் போதுமா என்று அதில் கேட்டிருக்கும். ஒருவர் போதும் என்கிறதில் அடையாளம் போட்டிருக்கா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்தை வையுங்கோ.