சைட்டை மூடும்போது கூகுளுக்கு என்ன சொல்வது? கேள்வி பதில்

பராமரிப்புக்காக சைட்டை நிறுத்துவது, அதனால் கூகுளில் இடம் போகாமல் பார்த்துக்கொள்வது. இன்றைக்கு இது மட்டும்தான். எந்த ஹோஸ்டிங் மலிவு என்று கேட்டால் பதில் வராது.

பலகாரக் கடை: அண்ணா, ஞாயிறு ராத்திரி சர்வர் மாத்துறோம். நாலு மணி நேரம் சைட் வராது. கூகுள்ல பின்னாடி போயிடுமா?

நாலு மணி நேரத்துக்கெல்லாம் போகாது தம்பி. அந்த நேரத்தில் சர்வர் என்ன பதில் சொல்கிறது என்பதுதான் விஷயம். ‘விரைவில் வருகிறோம்’ என்று அழகாக ஒரு பக்கம் போட்டு, அதை 200 என்ற ஸ்டேட்டஸ் கோடோடு (சர்வர் ஒவ்வொரு பதிலோடும் அனுப்பும் எண்) அனுப்பினால், ‘இதுதான் பக்கம், எல்லாம் சரி’ என்று கூகுள் எடுத்துக்கொள்ளும். முறுக்கு, அதிரசம், சீடை எல்லாப் பக்கமும் ‘விரைவில் வருகிறோம்’ என்றே பதிவாகலாம். 503 அனுப்புங்கள், ‘இப்போதைக்கு முடியாது, பிறகு வாருங்கள்’ என்று அர்த்தம். கூடவே ரீட்ரை-ஆஃப்டர் ஹெடரில் (பதிலோடு போகும் குறிப்பு வரி) எத்தனை நொடி கழித்து வரலாம் என்று சொல்லுங்கள், உங்களுக்கு 14400. கூகுள் டாணென்று அந்த நொடியில் வந்து நிற்காது, அது ஒரு குறிப்புதான். டிஎன்எஸ் (சைட் பெயரை சர்வர் முகவரியோடு இணைக்கும் பதிவு) மாறுவதாக இருந்தால், அதை மற்றவர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்று சொல்லும் டிடிஎல்லை முந்தின நாளே 300 நொடிக்குக் குறைத்துவிடுங்கள்.

வெப் டிசைனர்: 503 போட்டிருக்கேன் சார், செக் பண்ணா 302ன்னு காட்டுது.

302 என்றால் வேறு முகவரிக்குத் திருப்பி அனுப்புவது. சர்வர் மென்பொருள் அப்பாச்சியா? பிழைப் பக்கத்தைக் குறிக்கும் எரர்-டாக்குமெண்ட் வரியில் ‘எச்டிடிபிஎஸ்’ தொடங்கி முழு முகவரி கொடுத்திருப்பீர்கள். அப்படிக் கொடுத்தால் அது 503ஐ விட்டுவிட்டு அந்த முகவரிக்கு ரீடைரக்ட் செய்யும். சாய்கோட்டில் தொடங்கும் உள்முகவரி போதும். இன்னொரு சர்வர் மென்பொருளான என்ஜின்எக்ஸில் வேறு வில்லங்கம்: ஆட்-ஹெடர் வரியின் கடைசியில் ‘ஆல்வேஸ்’ இல்லையென்றால் 503 பதிலில் ரீட்ரை-ஆஃப்டர் போகவே போகாது. பிரவுசரை நம்பாதீர்கள், கர்ல் என்ற கட்டளையில் ஹெடரைக் கேட்டு முதல் வரியைப் பாருங்கள்.

புது பிளாகர்: வேர்ட்பிரஸ் அப்டேட் பாதியில நின்னுடுச்சு!

சைட்டின் மூல ஃபோல்டரில் புள்ளியில் தொடங்கும் ‘மெயின்டனன்ஸ்’ கோப்பு இருக்கும், அழித்துவிடுங்கள். வேர்ட்பிரஸ் அந்த நேரத்தில் தானாகவே 503தான் அனுப்பும்.

பெயர் இல்லாதவர்: நல்ல ஹோஸ்டிங் சொல்லுங்க.

முதல் பத்தி.

டெவலப்பர்: எதுக்கு இவ்வளவு? ரோபோட்ஸ் கோப்புல எல்லாத்தையும் தடுத்துட்டா முடிஞ்சுது.

தயவுசெய்து வேண்டாம். எந்தப் பக்கங்களை எடுக்கலாம் என்று தேடுபொறிகளுக்குச் சொல்வதுதான் அந்தக் கோப்பு. கூகுள் அதைப் பொதுவாக 24 மணி நேரம் வரை கேஷில், அதாவது தற்காலிகப் பிரதியாக, வைத்திருக்கும். ராத்திரி நீங்கள் போடும் தடை, காலையில் சைட் திரும்பிய பிறகு அதன் கண்ணில் படலாம்.

டெவலப்பர்: அப்ப அந்தக் கோப்புக்கும் சேர்த்து 503 குடுத்துடுறேன்.

அது இன்னும் மோசம். ரோபோட்ஸ் கோப்பே 503 என்றால் கூகுள் முதல் 12 மணி நேரம் சைட் முழுவதையும் எடுப்பதை நிறுத்திவிடும். பிறகு கடைசியாகக் கிடைத்த பிரதியை வைத்து 30 நாள் வரை ஓட்டும். அதற்கு எப்போதும்போல 200. மற்ற எல்லாவற்றுக்கும் 503.

டெவலப்பர்: 2012ல விக்கிபீடியா ஒரு நாள் முழுக்க மூடுச்சே, ஒண்ணும் ஆகலையே?

ஆங்கில விக்கிபீடியா, ஜனவரி 18, அமெரிக்காவின் சோபா (இணையத் திருட்டைத் தடுக்கும்) மசோதாவை எதிர்த்து. உங்கள் சாட்சி என் பக்கம்தான் பேசுகிறது. கறுப்புத் திரையை ஜாவாஸ்கிரிப்ட்டில் மேலே போர்த்தினார்கள். அதை அணைத்தவர்கள் அன்றைக்கும் கட்டுரை படித்தார்கள். அந்தப் போராட்டத்தில் சேர நினைத்த சைட்டுகளுக்கு கூகுள் தரப்பில் சொன்னதும் இதேதான்: 503 கொடுங்கள், ரோபோட்ஸ் கோப்பில் கை வைக்காதீர்கள்.

துணிக்கடை: மூணு மாசம் கடை மூடுறோம். 503 போட்டுடலாமா?

கூடாது. 503 ஒன்றிரண்டு நாளுக்குத்தான். அதற்கு மேல் இழுத்தால் பக்கங்கள் இண்டெக்ஸிலிருந்து (கூகுளின் தேடல் பட்டியல்) விழ ஆரம்பிக்கும். சைட் ஓடட்டும். கார்ட்டை மட்டும் முடக்கி, எப்போது திறப்பீர்கள் என்று மேலே ஒரு பட்டையில் போடுங்கள். ஸ்கீமாவிலும் (பொருள் விவரத்தைத் தேடுபொறிக்குச் சொல்லும் குறியீடு) கையிருப்பு இல்லை என்று மாற்றிவிடுங்கள்.

இன்னொருவர்: மெயின்டனன்ஸ் பக்கத்துக்கு 200 குடுத்தா என்ன?

பலகாரக் கடைக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மாணவி: நோ-இண்டெக்ஸ் போட்டா?

பக்கத்தை எடுத்துவிடு என்று நீங்களே கேட்பதுபோல. 503.

டெவலப்பர்: சரி, 302?

பக்கம் தற்காலிகமாக வேறு இடத்தில் இருக்கிறது என்றால் 302. உங்கள் பக்கம் வேறு எங்கேயாவது இருக்கிறதா? இல்லையே. 503தான் ஐயா. நான் சாப்பிடப் போகிறேன்.