விடுதித் தோழி "சத்தியம் பண்ணு" என்று கேட்டால்...

கேள்வி: கலைக் கல்லூரியில் பி.காம். இரண்டாமாண்டு படிக்கிறேன். பாலியல் தொல்லையைத் தடுக்க மாணவர் தன்னார்வக் குழு தொடங்குகிறார்கள். பேராசிரியை என் பெயரைக் கேட்கிறார். போஸ்டர் ஒட்டுவதைத் தவிர இதில் என்ன செய்ய முடியும்? யாராவது என்னிடம் வந்து அழுதால் எப்படிச் சமாளிப்பது?

பதில்: போஸ்டரை இளக்காரமாக நினைக்காதீர்கள். ஐசிசி எனப்படும் உள்ளகப் புகார்க் குழு உறுப்பினர்களின் பெயரும் போன் எண்ணும் பிரின்சிபால் அறை வாசலில் ஒட்டியிருந்தால், அங்கே நின்று குறித்துக்கொள்ள எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? விடுதிக் கழிப்பறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள்.

இரண்டாவது கேள்விதான் கனமானது. இரவு பதினொரு மணி. பக்கத்து அறைப் பெண் வந்து கட்டிலில் உட்காருகிறாள். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு, அப்பதான் சொல்வேன்" என்கிறாள். நல்ல மனசுக்காரர்கள் வழுக்குவது இங்கேதான். சத்தியம் செய்யாதீர்கள். "உன்கிட்ட சொல்லாம எங்கேயும் போக மாட்டேன். ஆனா சில விஷயத்தை நான் மறைக்கவே கூடாது" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முதலாண்டில் 17 வயதுப் பிள்ளைகள் உண்டு. சட்டத்தின் கண்ணில் அவர்கள் குழந்தைகள். அவர்கள்மீது பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தவர் யாரானாலும் போலீசுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு. இதைத் தனியாகச் சுமக்காமல் அன்றைக்கே பேராசிரியையிடம் சொல்லுங்கள், அல்லது குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள்.

பிறகு காது கொடுத்துக் கேளுங்கள், துருவாதீர்கள். "அந்த நேரத்துல ஏன் அங்க போனே?" என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், அவள் எழுந்து போய்விடுவாள். விசாரிப்பது ஐசிசியின் வேலை. ஸ்கிரீன்ஷாட்டுகளை அவள் போனிலேயே பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். உங்கள் போனுக்கு வாங்காதீர்கள். வன்புணர்வு என்றால் நேரம் முக்கியம். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு எடுத்துப் போங்கள். அரசோ தனியாரோ, எந்த மருத்துவமனையும் இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். உடனே போலீசுக்கும் தகவல் கொடுக்கும். இதை அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நியாயம்.

ஐசிசியில் எழுத்துப் புகாரை, சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் 3 மாதம் தரலாம்.

காதலுக்குள் நடக்கும் வன்முறை வேறு மாதிரி. இன்ஸ்டா பாஸ்வேர்டு கேட்பான், அறையில்தான் இருக்கிறாளா என்று வீடியோ கால் போட்டுப் பார்ப்பான், ஒருநாள் கை நீளும். நீங்கள் "விட்டுத் தொலைடி" என்பீர்கள். ஆனால் பிரியும்போதுதான் அவன் வெறி கூடலாம். போட்டோவை அப்பாவுக்கு அனுப்புவேன் என்பான். என் அனுபவத்தில், பல பெண்கள் அவனைவிட அதிகம் பயப்படுவது, வீட்டுக்குத் தெரிந்தால் படிப்பு நின்றுவிடும் என்றுதான். ஆகவே அவளைக் கேட்காமல் வீட்டுக்குப் போன் போடாதீர்கள். பெண்கள் உதவி எண் 181இல் இரவிலும் எடுப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே டயல் செய்து கொடுங்கள்.

பெயர் கொடுக்கும்போது பேராசிரியையிடம் ஒன்று கேட்டுவிடுங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015 விதிப்படி, மாணவர் சம்பந்தப்பட்ட புகாரை விசாரிக்கும் ஐசிசியில் தேர்தல் மூலம் வந்த மூன்று மாணவர்கள் இருக்க வேண்டும். உங்கள் கல்லூரியில் அந்தத் தேர்தல் எப்போது நடந்தது?