பன்னாட்டு நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு உண்மையா, விளம்பரமா?

கேள்வி: மேலாண்மைப் படிப்பில் 'பன்னாட்டு வணிக அறநெறியும் சமூகப் பொறுப்பும்' என்று ஒரு தாள் இருக்கிறது. புத்தகத்தில் எல்லாம் அழகாக இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் இதையெல்லாம் நடைமுறையில் கடைப்பிடிக்கின்றனவா, இல்லை எல்லாம் விளம்பரம்தானா?

பதில்:

இரண்டும் உண்டு. ஒரே நிறுவனத்துக்குள், ஒரே கட்டடத்தின் இரண்டு மாடிகளில் இரண்டும் இருக்கும். ஏற்றுமதித் துறையில், வெளிநாட்டு நிறுவனங்களுக்குத் துணி தைத்துக் கொடுக்கும் பக்கத்தில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். சமூகப் பொறுப்பு அறிக்கை எழுதுகிறவர்களில் பலர் நல்ல மனிதர்கள். எழுதுவதை நம்பித்தான் எழுதுகிறார்கள். ஆனால் ஆர்டர் போடுவது அவர்கள் இல்லை. ஆர்டர் போடுகிறவருக்கு இந்த சீசனில் எத்தனை சதவீதம் விலை குறைத்தார் என்பதை வைத்துத்தான் போனஸ். ஆகவே ஒரு நிறுவனத்தின் அறநெறியைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், பளபளப்பான அறிக்கையை மூடி வைத்துவிட்டு பர்ச்சேஸ் ஆர்டரைப் படியுங்கள். விலை, சரக்கு அனுப்ப வேண்டிய தேதி, பணம் வரும் தேதி. இந்த மூன்றில் முக்கால்வாசி தெரிந்துவிடும்.

எப்படி என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாடப் புத்தகத்தில் இது அநேகமாக வராது. விலை பேசும்போது போன வருடத்தை விடக் குறைத்துக் கேட்பார்கள். நூல் விலை ஏறிவிட்டது, கூலி ஏறிவிட்டது என்று ஆலைக்காரர் சொன்னால், இந்த விலைக்கு வேறு நாட்டில் ஆள் இருக்கிறது என்று பதில் வரும். சரி என்று ஒப்புக்கொண்ட பிறகு, சாம்பிளுக்கு ஒப்புதல் தருவது அவர்கள் பக்கத்தில் வாரக்கணக்கில் தள்ளிப்போகும். நடுவில் நிறத்தை மாற்றுவார்கள், பட்டனை மாற்றுவார்கள். ஷிப்மென்ட் தேதி மட்டும் நகராது. தேதி தவறினால் கப்பலில் போக வேண்டிய சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டும். அந்தச் செலவு ஆலையின் தலையில். ஒரு ஆர்டரின் மொத்த லாபமும் அதிலேயே கரைந்துபோகும். ஆலைக்காரர் என்ன செய்வார்? இரவு ஷிப்ட் ஓட்டுவார். அதுவும் போதாதபோது, பையருக்கு, அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்துக்கு, சொல்லாமல் பாதி வேலையை ஏதாவது சின்ன யூனிட்டுக்குக் கொடுத்துவிடுவார். அங்கே தைக்கிறவருக்கு என்ன வயது, அவசரத்துக்கு வெளியேறும் கதவு திறந்திருக்கிறதா, யாருக்கும் தெரியாது.

அப்புறம் சில மாதம் கழித்து, அதே வெளிநாட்டு நிறுவனத்தின் சார்பாக, ஆலையில் வேலை நிலைமையைச் சோதிக்கும் ஆடிட்டர் வருவார். ஓவர்டைம் அதிகம் என்று எழுதுவார். அனுமதி இல்லாமல் சப்-கான்ட்ராக்ட் கொடுத்திருக்கிறீர்கள் என்று எழுதுவார். அத்தனையும் உண்மை. ஆனால் அந்த ஓவர்டைமுக்குக் காரணமான ஒப்புதல் தாமதம் எந்தப் படிவத்திலும் ஏறாது, அதற்கான கட்டமே படிவத்தில் கிடையாது. அடுத்த முறை ஆலை சுதாரித்துக்கொள்ளும். சம்பளம் போட ஒரு வருகைப் பதிவேடு, ஆடிட்டருக்குக் காட்ட இன்னொன்று. தொழிலாளர்களுக்கும் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று முன்கூட்டியே பாடம் நடக்கும். இதை எல்லோரும் அறிவார்கள், ஆடிட்டர் உட்பட.

இந்த நாடகத்தின் விலை என்ன என்பதற்கு இரண்டு சம்பவங்கள். 2012 செப்டம்பர் 11 அன்று கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் என்ற ஆடை ஆலை எரிந்து 250-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலைக்கு எஸ்.ஏ. 8000 சான்றிதழ் கிடைத்திருந்தது. தொழிலாளர் பாதுகாப்புக்கு உலக அளவில் மதிக்கப்படுகிற சான்றிதழ் அது. தீயை யாரோ வைத்தார்கள் என்று 2020-ல் பாகிஸ்தான் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைச் சொல்லிச் சிலர் ஆலையைப் பொறுப்பிலிருந்து விடுவிக்கப் பார்க்கிறார்கள். தீ யார் வைத்ததாக இருந்தாலும், பூட்டியிருந்த கதவுகளும் கம்பி போட்ட ஜன்னல்களும் ஆலையுடையவை. அவற்றோடு சேர்த்துத்தான் சான்றிதழ் கொடுத்திருந்தார்கள்.

அடுத்தது எல்லோருக்கும் தெரிந்த ரானா பிளாசா. டாக்காவுக்குப் பக்கத்தில் சாவரில் இருந்த எட்டு மாடிக் கட்டடம். 2013 ஏப்ரல் 23 அன்று சுவரில் விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. மேலே இருந்த ஆடை ஆலைகள் மறுநாள் காலை ஆட்களை வேலைக்குக் கூப்பிட்டன. கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். வங்கிக்காரர்கள் நல்லவர்கள், ஆலைக்காரர்கள் கெட்டவர்கள் என்று இதை முடித்துவிட முடியாது. வங்கி ஒரு நாள் மூடினால் ஒரு நாள் வேலைதான் கெடும். ஆலை ஒரு நாள் மூடினால் ஷிப்மென்ட் தேதி போய்விடும். அந்தத் தேதியை எழுதியவர்கள் சில ஆயிரம் மைல் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். இதனால் கட்டட உரிமையாளரின் குற்றமோ ஆலை முதலாளிகளின் குற்றமோ இம்மியும் குறையாது. ஆனால் பொறுப்பு அவர்களோடு நின்றுவிடவும் இல்லை.

உங்கள் கேள்விக்கு நம்பிக்கை தரும் பதிலும் இதே இடத்திலிருந்துதான் வருகிறது. ரானா பிளாசாவுக்கு அடுத்த மாதமே வங்காளதேசத்தில் தீ, கட்டடப் பாதுகாப்புக்காக 'அக்கார்ட்' என்ற ஒப்பந்தம் வந்தது. அதற்கு முன்பிருந்த நடத்தை விதிமுறைகளெல்லாம் நிறுவனங்கள் தாங்களாக எழுதி, தாங்களாக மேற்பார்த்து, தாங்களாக மதிப்பெண் போட்டுக்கொண்டவை. அக்கார்டில் பன்னாட்டுத் தொழிற்சங்கங்களும் கையெழுத்திட்டன. சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் அது. சுதந்திரமான பொறியாளர்கள் 1,600-க்கும் மேற்பட்ட ஆலைகளைச் சோதித்தார்கள். எந்த ஆலையில் என்ன குறை என்பது பொதுவெளியில் வந்தது. குறைகளைச் சரிசெய்ய ஆலைக்குப் பண வசதி இருக்கும்படி பார்த்துக்கொள்ளும் கடமை வாங்குகிற நிறுவனங்களுக்கும் இருந்தது. அதில் தவறியதாக இரண்டு பிராண்டுகள் மீது தொழிற்சங்கங்கள் ஹேக் நகரத்திலுள்ள நடுவர் மன்றம் வரை போயின. இரண்டும் சமரசத்துக்கு வந்தன. அதில் ஒன்று 2018-ல் 23 லட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. தொகை அவர்களுக்குச் சின்னதுதான். ஆனால் கையெழுத்தை மீறினால் பணம் போகும் என்ற நிலை வந்ததே, அது சின்ன விஷயம் இல்லை.

லஞ்ச விஷயத்திலும் கதை இதேதான், அங்கே ஒப்பந்தத்துக்குப் பதில் சட்டம். 'அந்த நாட்டில் அதுதான் வழக்கம், நாம் என்ன செய்ய முடியும்' என்பது பன்னாட்டு வணிகத்தில் மிகப் பழைய சமாதானம். ஜெர்மனியில் 1990-கள் முடியப்போகும் வரை வெளிநாட்டில் கொடுத்த லஞ்சத்தைத் தொழில் செலவாகக் காட்டி வரிக்கழிவே வாங்கலாம் என்றிருந்தது. அமெரிக்கா 1977-லேயே வெளிநாட்டு அதிகாரிகளுக்கு லஞ்சம் கொடுப்பதைக் குற்றமாக்கிவிட்டது. 1997-ல் பணக்கார நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி.யின் லஞ்ச எதிர்ப்பு உடன்படிக்கை வந்த பிறகுதான் மற்றப் பணக்கார நாடுகள் ஒவ்வொன்றாக வழிக்கு வந்தன. 2008-ல் ஜெர்மன் நிறுவனமான சீமென்ஸ் லஞ்ச வழக்குகளில் அமெரிக்காவிலும் ஜெர்மனியிலுமாகச் சேர்த்து சுமார் 160 கோடி டாலர் அபராதம் கட்டியது. லஞ்சம் கிடைத்த நாடுகளின் 'வழக்கம்' அதற்குள் மாறிவிடவில்லை. கொடுக்கிறவருக்குக் கணக்கு மாறியது, அவ்வளவுதான். இதுவும் நிரந்தரமில்லை: 2025 பிப்ரவரியில் அந்த 1977 சட்டத்தின் அமலாக்கத்தை நிறுத்தி வைக்க அமெரிக்க அதிபர் ஆணையிட்டார், ஜூனில் புதிய வழிகாட்டுதலோடு மறுபடி தொடங்கினார்கள். சட்டத்தை நம்பி அறநெறியை அங்கேயே விட்டுவிட முடியாது என்பதற்கும் இது உதாரணம்.

இதுவரை சொன்னதை வைத்து 'கடுமையாக இருந்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும்' என்று நினைத்துவிடாதீர்கள். இந்தத் தாளில் எனக்கு மிகக் கடினமாகப் படுகிற பகுதி குழந்தைத் தொழிலாளர் விவகாரம். 1992-ல் அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கின், குழந்தைகள் உழைப்பில் செய்த பொருட்களின் இறக்குமதியைத் தடுக்க ஒரு மசோதா கொண்டுவந்தார். அது கடைசிவரை சட்டமாகவே ஆகவில்லை. ஆனால் அந்தப் பேச்சுக்கே பயந்து வங்காளதேச ஆலைகள் குழந்தைகளை அவசர அவசரமாக வெளியேற்றின. ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யூனிசெஃப் தன் 1997 அறிக்கையில் கொடுத்த மதிப்பீடு, சுமார் 50,000 குழந்தைகள். அவர்கள் பள்ளிக்குப் போயிருப்பார்கள் என்றுதான் கடைக்கு வந்து சட்டை வாங்குகிறவர் நினைப்பார். பின்னால் தேடிப் பார்த்தபோது பலர் கல் உடைக்கப் போயிருந்தார்கள், தெருவில் விற்கப் போயிருந்தார்கள், சிலர் பாலியல் தொழிலுக்கும் தள்ளப்பட்டிருந்தார்கள். ஆலையை விட எல்லாமே ஆபத்தான இடங்கள், கூலியும் குறைவு. நல்ல நோக்கம், கைத்தட்டல் வாங்கிய கொள்கை, பாதிக்கப்பட்டது காப்பாற்றப்பட வேண்டியவர்களே. 1995-ல்தான் ஆலை உரிமையாளர் சங்கம், ஐ.எல்.ஓ. என்கிற சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, யூனிசெஃப் மூன்றும் சேர்ந்து, பள்ளியில் இடம் தயாராகும் வரை குழந்தையை வெளியேற்றக் கூடாது, படிக்கிற காலத்தில் உதவித்தொகை உண்டு என்று ஓர் உடன்பாட்டுக்கு வந்தன.

அதே காலத்தில் ஜீன்ஸ் விற்கும் அமெரிக்க நிறுவனமான லீவைஸ் தன் ஒப்பந்த ஆலைகளில் 14 வயதுக்குக் குறைந்தவர்கள் இருப்பதைக் கண்டது. ஆலையை விட்டு விலகிப் போவது சுலபமான வழி, செய்தித்தாளிலும் நன்றாக இருந்திருக்கும். அதற்குப் பதிலாக, பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும், படிக்கிற காலத்தில் ஆலை சம்பளம் தர வேண்டும், வயது வந்ததும் வேலை தர வேண்டும், புத்தகம், சீருடை, கட்டணம் எங்கள் செலவு என்று ஏற்பாடு செய்தது. நிறுவனமே உத்தமமானது என்று சொல்ல வரவில்லை. அந்த ஒரு முடிவு நன்றாக எடுத்த முடிவு. வகுப்பில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விவாதிக்கச் சொன்னால் ஒரு மணி நேரம் போதாது.

தேர்வில் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மன் பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். லாபம் ஈட்டுவதே நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு என்று 1970-ல் எழுதினார் என்பதோடு எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். சமூகத்தின் அடிப்படை விதிகளுக்குள், சட்டத்தில் இருக்கிற விதி, வழக்கமான அறநெறியில் இருக்கிற விதி இரண்டுக்கும் உட்பட்டு என்று அதே கட்டுரையில் அவரே சொல்லியிருப்பதை எழுதுங்கள், மதிப்பெண் கூடும். பன்னாட்டு வணிகத்தில் எந்த நாட்டின் சட்டம், எந்த ஊரின் அறநெறி என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

நன்கொடை, மரம் நடுவது, பள்ளிக்குக் கணினி தருவது பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அவை நல்ல காரியங்கள். ஆனால் சம்பாதித்த பணத்தை எப்படிச் செலவு செய்கிறார்கள் என்பது ஒரு கேள்வி, எப்படிச் சம்பாதித்தார்கள் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கான பதிலைப் பெரிதாக எழுதி இரண்டாவதை மறைப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. ஐ.நா.வின் சிறப்புப் பிரதிநிதியாக இருந்த ஜான் ரக்கி தயாரித்து 2011-ல் ஏற்கப்பட்ட வழிகாட்டுக் கோட்பாடுகள் இந்த வேறுபாட்டைத் தெளிவாக வைக்கின்றன: மனித உரிமைகளைப் பாதுகாப்பது அரசின் கடமை, மதித்து நடப்பது நிறுவனத்தின் பொறுப்பு, பாதிக்கப்பட்டவருக்குப் பரிகாரம் வேண்டும். தொண்டு செய்து உரிமை மீறலை ஈடுகட்ட முடியாது என்பதும் அதில் வருகிறது. அதன் வழியில்தான் பிரான்ஸ் 2017-லும் ஜெர்மனி 2021-லும் சப்ளை செயினில், அதாவது தங்களுக்குச் சரக்கு தரும் ஆலைகளில், நடப்பதற்குப் பெரிய நிறுவனங்களைப் பொறுப்பாக்கும் சட்டம் இயற்றின. ஐரோப்பிய ஒன்றியமும் 2024-ல் ஒன்று கொண்டுவந்தது, அடுத்த வருடமே அதை அமல்படுத்தும் தேதியைத் தள்ளிப்போட்டது.

2020-ஐ மட்டும் மறக்காதீர்கள். கொரோனா வந்ததும், தைத்து முடித்த, தைத்துக்கொண்டிருந்த ஆர்டர்களைக்கூடப் பல பெரிய பிராண்டுகள் ரத்து செய்தன. வங்காளதேச ஏற்றுமதியாளர் சங்கத்தின் கணக்கில் மட்டும் 300 கோடி டாலருக்கு மேல் ரத்து அல்லது நிறுத்தம். துணிக்கு ஆலைக்காரர் ஏற்கெனவே பணம் கட்டியிருந்தார். பையர் பணம் தருவது சரக்கு போய்ச் சேர்ந்து 60 நாள், 90 நாள் கழித்துத்தான். யாருடைய பணத்தில் யார் வியாபாரம் செய்கிறார்கள் என்பது அப்போதுதான் வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிந்தது. பொதுமக்கள் கேள்வி கேட்கத் தொடங்கியதும் சிலர் மனம் மாறிப் பணம் கொடுத்தார்கள். சிலர் கொடுக்கவே இல்லை.

படிப்பு முடித்து இப்படியொரு நிறுவனத்துக்கு நேர்முகத்துக்குப் போனால், 'உங்கள் சமூகப் பொறுப்புக் கொள்கை என்ன' என்று கேட்காதீர்கள், அச்சடித்த பதில் வரும். சப்ளையருக்கு எத்தனை நாளில் பணம் தருகிறீர்கள், ஆலைகளின் பட்டியலை வெளியிட்டிருக்கிறீர்களா, ஆடிட்டில் தோற்ற ஆலைக்கு அடுத்த ஆர்டரை யார் முடிவு செய்வார்கள் என்று கேளுங்கள். பட்டியலை வெளியிடுவது தொழில் ரகசியத்தைக் கெடுக்கும் என்று யாராவது சொன்னால், நைக்கி 2005-லேயே வெளியிட்டுவிட்டது என்று சொல்லலாம். வேலை கிடைக்குமா என்பதற்கு நான் பொறுப்பில்லை.