பாதி வழியில் வேலை மாறலாமா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வயது 47. கணக்குப் பிரிவில் 22 ஆண்டுகள் ஓடிவிட்டன. மரவேலைக்குப் போக ஆசை. இவ்வளவு காலம் சேர்த்ததெல்லாம் வீணாகிவிடுமே?

பதில்: அந்த 22 ஆண்டுகள் ஏற்கெனவே செலவாகிவிட்டன. அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் திரும்பி வரப்போவதில்லை. ஆர்க்ஸ், ப்ளூமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1985இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு நாடக அரங்கில், ஒரு பருவத்தின் நாடகங்கள் அனைத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே வாங்கும் பருவ டிக்கெட்டைச் சிலருக்கு முழு விலைக்கும் சிலருக்குத் தள்ளுபடியிலும் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் சில மாதங்களில் முழு விலை கொடுத்தவர்களே அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். நாடகம் எல்லாருக்கும் ஒன்றுதான்; கொடுத்த காசுதான் அவர்களை இழுத்துவந்து உட்கார வைத்தது. நீங்களும் பழைய டிக்கெட்டுக்காக உட்கார்ந்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

அதற்காக நாளைக்கே ராஜினாமா எழுதிவிட வேண்டாம். ஆசை தொழிலின் பெயர் மீதா, அதன் அன்றாடத்தின் மீதா என்பது தெரிய வேண்டும். உங்களைப் போலவே என்னிடம் வந்த ஒருவரை, ஒரு தச்சரின் பட்டறையில் நான்கு சனிக்கிழமைகள் இருந்துவிட்டு வரச் சொன்னேன். இழைப்புளி பிடிக்கப் போனவர் முதல் நாள் முழுக்க உப்புத்தாள் தேய்த்தார். இரண்டாம் வாரம், செய்து முடித்த அலமாரியின் முன் நின்று, 'இரண்டு அங்குலம் குறைத்திருக்கலாமே' என்று இழுத்த வாடிக்கையாளரைப் பார்த்தார். மூன்றாம் வாரம்தான் அது கண்ணில் பட்டது. வரவேண்டிய பாக்கியை எல்லாம் தச்சர் ஒரு பழைய காலண்டரின் பின்புறம் கிறுக்கி வைத்திருந்தார். ஒரு மேசைக்கு அடக்க விலை என்ன என்று அவருக்கே தெரியவில்லை. போனவர் அதைப் போட்டுக் கொடுத்தார். இப்போது அவருக்கு வாரத்தில் மூன்று நாள் கணக்கு வேலை, இரண்டு நாள் பட்டறை. வீணாகிவிடும் என்று நீங்கள் அஞ்சும் சரக்குதான் அங்கே முதலில் விலைபோனது.

கேள்வி: வயது 44. வேறு துறைக்கு எண்பது விண்ணப்பங்கள் அனுப்பிவிட்டேன், ஒரு பதிலும் இல்லை. வயதுதான் காரணமா?

பதில்: வயதும் காரணமாக இருக்கலாம், மறைக்க மாட்டேன். ஆனால் விண்ணப்பங்களைச் சலிப்பவர்கள் பெரும்பாலும் பழைய பதவியின் பெயரைத்தான் பார்க்கிறார்கள். துறை மாறுகிறவர் அந்தச் சல்லடையில் தங்குவதில்லை. ஆள் வழியாகப் போங்கள். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களை அவர் விசாரித்தபோது, அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்தித்துவந்தவர்கள் ஏறத்தாழ 17 சதவீதம் பேர்தான். மற்றவர்களுக்குத் தகவல் சொன்னது எப்போதாவது பார்க்கிற ஆள். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது பெரும்பாலும் உங்களுக்கும் தெரிந்ததாகவே இருக்கும்; புதுச் செய்தி தூரத்திலிருந்துதான் வரும்.

பத்து ஆண்டுகளுக்கு முன் உடன் வேலை பார்த்தவருக்கு எழுதுங்கள். வேலை கேட்காதீர்கள். 'உங்கள் வேலைநாள் எப்படிப் போகும், இருபது நிமிடம் சொல்ல முடியுமா' என்று கேளுங்கள். வேலை கேட்டால் நழுவுகிற மனிதர்கள், தொழிலைப் பற்றிக் கேட்டால் பேச்சை நிறுத்துவதில்லை.

கேள்வி: சுயவிவரத்தில் பிறந்த ஆண்டைப் போடாமல் விடலாமா?

பதில்: கேட்காத இடத்தில் விடலாம். கடைசி 15 ஆண்டுகளை மட்டும் விரிவாக எழுதினால் போதும். ஆண்டுகளை மாற்றிப் போடாதீர்கள், அவ்வளவுதான்.

கேள்வி: வயது 54. விருப்ப ஓய்வு பெற்று, கையில் வரும் பணத்தில் சொந்தத் தொழில் தொடங்கலாம் என்றிருக்கிறேன். தாமதமாகிவிட்டதா?

பதில்: தாமதம் இல்லை. அமெரிக்காவில் மிக வேகமாக வளர்ந்த, ஆயிரத்தில் ஒன்று என்று சொல்லத்தக்க புதிய நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45 என்று பியர் அசுலே உள்ளிட்ட நால்வரின் ஆய்வு 2020இல் சொன்னது. பலரும் இந்த எண்ணை மட்டும் படித்துவிட்டு மகிழ்ந்துபோகிறார்கள். அதே துறையில் முன் அனுபவம் இருந்தவர்களுக்கே வெற்றி வாய்ப்பு கூடுதல் என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் பணத்தைப் பற்றி நான்கு வரி இருக்கிறது. என்ன தொழில் என்று ஒரு வரிகூட இல்லை. முதலில் அதே தொழிலில் இருக்கும் ஒருவரிடம் ஆறு மாதம் சம்பளத்துக்கு வேலை பாருங்கள். ஓய்வுப் பணத்தில் எவ்வளவு போனாலும் இரவில் தூக்கம் வருமோ, அந்தத் தொகையைக் குறித்துக் கொள்ளுங்கள். மீதியை உங்கள் ஒருவர் கையெழுத்தில் எடுக்க முடியாத இடத்தில் வையுங்கள்.

கேள்வி: வயது 49. நேர்காணலில் என்னைவிட மிக இளையவர்கள் எதிரே உட்கார்ந்து, 'வயதில் சிறியவரின் கீழ் வேலை பார்ப்பீர்களா' என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

பதில்: 'எனக்கு வயது ஒரு பொருட்டே இல்லை' என்று சொல்லாதீர்கள். எல்லாரும் அதைத்தான் சொல்கிறார்கள், யாரும் நம்புவதில்லை. கடந்த ஓராண்டில் ஓர் இளையவரிடம் நீங்கள் கற்றுக்கொண்ட ஒன்றைச் சொல்லுங்கள். 'புதிய மென்பொருள் வந்தபோது, சேர்ந்து எட்டு மாதமே ஆன ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். ஒரே சந்தேகத்தை மூன்று முறை கேட்டேன். இப்போது மாத அறிக்கையை நானே அதில் தயாரிக்கிறேன்.' இந்த அளவு போதும். உங்களிடம் இப்படி ஒரு சம்பவமே இல்லையென்றால், அவர்கள் கேட்டது நியாயமான கேள்விதான். சம்பவம் இருந்தால் சொல்லிவிட்டு அங்கேயே நிறுத்துங்கள். தொடர்ந்து உங்கள் அனுபவத்தின் பெருமையைப் பேச வாய் துறுதுறுக்கும், பேசிவிடாதீர்கள்.