எத்தனால் பெட்ரோல்: பழைய காரில் முதலில் போவது எது?

கேள்வி: என்னிடம் 1988-இல் வந்த கார்புரேட்டர் கார் இருக்கிறது. மாதத்துக்கு இரண்டு முறைதான் எடுப்பேன். எத்தனால் கலந்த பெட்ரோல் போட்டால் எஞ்சின் போய்விடும் என்கிறார்கள். டேங்கில் ஊற்றும் ‘எத்தனால் பாதுகாப்பு’ மருந்து போதுமா?

பதில்: எஞ்சின் அவ்வளவு சுலபத்தில் போகாது. முதலில் போவது பெட்ரோல் ஹோஸ். பழைய ரப்பர் எத்தனாலில் ஊறி உப்பும், பிறகு வெடிப்பு விடும். சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்னவாகும் என்று உங்களுக்குத் தெரியும். டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை எல்லா ஹோஸையும் மாற்றிவிடுங்கள். மேலே ‘எஸ்ஏஇ ஜே30 ஆர்9’ (எத்தனாலைத் தாங்கும் ஹோஸின் தரக் குறியீடு) என்று அச்சிட்டதாகப் பார்த்து வாங்குங்கள். பம்ப் டயாஃப்ரம், கேஸ்கெட்டுகளையும் கையோடு மாற்றிவிடலாம். உங்கள் காரைவிட வெகு பழைய வண்டிகளில், கார்புரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவையே தக்கையாக இருக்கும். அதன் மேல் பூசிய அரக்கை எத்தனால் கரைத்துவிடும். மரத்துக்கு பாலிஷ் போடுகிறவர் அரக்கை எதில் கரைக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்!

மருந்து விஷயம்: சிலவற்றில் துருத்தடுப்பு இருக்கிறது, உலோகத்துக்கு உதவும். ரப்பரை அது காப்பாற்றாது.

அடுத்தது ஜெட், அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சிறு துளை. ஒரு கிலோ சுத்தப் பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும்; 10 சதவீதம் எத்தனால் கலந்தால் சுமார் 14.1 போதும். புது வண்டியில் ஆக்சிஜன் சென்சார் இதைக் கவனித்துக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த விவரம் தெரியாது. காற்றுக்கு ஏற்ற எரிபொருள் போதாமல் வண்டி தயங்கும், சூடேறும். அப்படித் தெரிந்தால் மட்டும் சற்றுப் பெரிய ஜெட் போடச் சொல்லுங்கள். மைலேஜ் 3 சதவீதம்போலக் குறையும். அதற்கு வைத்தியம் இல்லை.

எப்போதாவது ஓட்டுகிற உங்களுக்கு என் பெரிய கவலை தண்ணீர். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவதும் அங்கிருந்துதான். சில வாரம் நிறுத்துவதானால் டேங்கை நிரப்பி வையுங்கள். மாதக்கணக்கில் என்றால் வடித்துவிடுங்கள்.

இதெல்லாம் பட்டறை வேலை. கையில் இல்லாதது அரசின் முடிவு. பிரிட்டன் 2021 செப்டம்பரில் 10 சதவீதக் கலவையைச் சாதாரண பெட்ரோலாக்கியபோது, 5 சதவீதக் கலவையை சூப்பர் ரகத்தில் விட்டுவைத்தது. அமெரிக்கா 15 சதவீதக் கலவையை 2001-ம் ஆண்டு மாடலுக்கும் அதற்குப் பின் வந்த கார்களுக்கும்தான் அனுமதித்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிடையாது, பெட்ரோல் நிலைய பம்பில் எச்சரிக்கை ஒட்டவும் வேண்டும். இரண்டில் எனக்குப் பிடித்தது பிரிட்டன் வழி. எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வேறு ரகமே தராவிட்டால், பழைய வண்டிக்காரர் எங்கே போவார்?

ஆகவே கலவையை உயர்த்தும் வரைவு விதி கருத்துக் கேட்புக்கு வந்தால், ‘எத்தனால் வேண்டாம்’ என்று எழுதாதீர்கள்; அதைப் படித்துவிட்டு ஓரமாக வைத்துவிடுவார்கள். குறைந்த கலவை ரகம் ஒன்று எத்தனை வருஷம் கிடைக்கும், பம்பில் சதவீதம் எழுதியிருக்குமா என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். கூடவே உங்கள் காரின் ஆண்டு, மாடல், மாற்றிய பாகங்களின் பில் நகல் ஆகியவற்றை இணையுங்கள்.