நிற ப்ரொஃபைல்: கேள்வி பதில்

கேள்வி: அடோபி ஆர்ஜிபி என்ற நிறவெளியில் சேமித்த படங்களை இணையத்தில் ஏற்றினால் வெளிறிப்போகின்றனவே, ஏன்?

பதில்: கோப்பில் இருப்பவை வெறும் எண்கள். சிவப்பு, பச்சை, நீலத்துக்கு 200, 30, 40 என்றால் எந்தச் சிவப்பு என்று சொல்வது கோப்போடு வரும் ப்ரொஃபைல் என்ற குறிப்புதான். பல தளங்கள் படத்தைச் சுருக்கும்போது அதை நீக்கிவிடுகின்றன. பிறகு அந்த எண்கள், இணையத்தின் வழக்கமான நிறவெளியான எஸ்ஆர்ஜிபி என்றே வாசிக்கப்படும். அடோபி ஆர்ஜிபியின் நிற வீச்சு அதைவிட அகலம். அதில் மிதமான எண்களே அழுத்தமான நிறத்தைத் தரும். அவற்றைக் குறுகிய வீச்சில் வாசித்தால் சாயம் போன துணிதான். இணையத்துக்கு எஸ்ஆர்ஜிபியாக மாற்றியே ஏற்றுங்கள். 1996இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் முன்வைத்தது என்பதால் அதைப் பழசு என்று ஏளனம் செய்பவர்கள் உண்டு, செய்துகொள்ளட்டும்.

கேள்வி: போட்டோஷாப்பில் அசைன், கன்வர்ட் இரண்டில் எதைப் பயன்படுத்துவது?

பதில்: பெரும்பாலான கோப்புகள் கெடுவது இங்கேதான். அசைன் எண்களைத் தொடாது, அவற்றின் பொருளை மாற்றிவிடும். ஆகவே நிறம் மாறும். கன்வர்ட் நிறத்தைக் காப்பதற்காக எண்களை மாற்றும். ப்ரொஃபைல் இல்லாமல் வந்த கோப்புக்கு மட்டும் அசைன். மற்றபடி எப்போதும் கன்வர்ட். அது மூல ப்ரொஃபைலிலிருந்து லேப் அல்லது எக்ஸ்ஒய்இசட் என்ற பொது நிறவெளிக்குப் போய், அங்கிருந்து இலக்குக்கு வருகிறது. நடுவில் இந்தப் பொதுவெளி இருப்பதால் ஒரு கருவிக்கு ஒரு ப்ரொஃபைல் போதும். இல்லையேல் ஸ்கேனர், பிரிண்டர் என ஒவ்வொரு ஜோடிக்கும் தனி அட்டவணை வேண்டியிருக்கும். 1993இல் ஆப்பிள், அடோபி, கோடக் உள்ளிட்ட எட்டு நிறுவனங்கள் ஐசிசி என்ற சர்வதேச நிறக் கூட்டமைப்பைத் தொடங்கியது இந்தத் தலைவலியைத் தீர்க்கத்தான்.

கேள்வி: அச்சகம் எந்த சிஎம்ஒய்கே (நான்கு மை அச்சு) ப்ரொஃபைல் என்று சொல்லவில்லை. ஃபோக்ரா39 வைத்துக்கொள்ளலாமா?

பதில்: ஊகிக்காதீர்கள், போன் செய்து கேளுங்கள். ஃபோக்ரா39 ஆர்ட் பேப்பர் போன்ற பூச்சுத்தாளில் ஆப்செட் அச்சுக்கானது. பூச்சில்லாத மேப்லித்தோ தாள் மையை உறிஞ்சும். அதே கோப்பை அதில் அடித்தால் நிழல் பகுதிகள் அடைத்துக்கொள்ளும். தெளிவான பதில் கிடைக்காவிட்டால் படங்களை ஆர்ஜிபியிலேயே, ப்ரொஃபைலைப் பதித்துக் கொடுத்து, மாற்றும் வேலையை அவர்களிடமே விடுங்கள். எழுத்துகள் மட்டும் தனிக் கறுப்பு மையில் இருக்கட்டும். ஆர்ஜிபி கறுப்பை மாற்றினால் நான்கு மைகளாகப் பிரியும். தாள் சற்று நகர்ந்தாலும் சிறிய எழுத்தின் ஓரங்களில் நிறம் கசியும்.

கேள்வி: அச்சு எப்போதும் திரையைவிட இருட்டாகவே வருகிறது.

பதில்: மானிட்டரின் வெளிச்சத்தைக் குறையுங்கள். சதுர மீட்டருக்கு 120 கேண்டலா அளவில் தொடங்கிப் பாருங்கள். கூடவே திரை நிறத்தை அளக்கும் கருவி வைத்து உங்கள் மானிட்டருக்கென்று ப்ரொஃபைல் எடுங்கள். பெட்டியோடு வருவது பெரும்பாலும் அந்த மாடலுக்குப் பொதுவானது.

கேள்வி: அப்படி எடுத்த மானிட்டர் ப்ரொஃபைலையே போட்டோஷாப்பின் வொர்க்கிங் ஸ்பேஸாக, அதாவது படங்களைத் திருத்தும் நிறவெளியாக வைக்கலாமா?

பதில்: கூடாது. இயங்குதளத்தின் டிஸ்ப்ளே அமைப்பில் மட்டும் அது இருக்கட்டும்.